கதையிலிருந்து குணத்துக்கு: வீட்டுக்கல்வியில் வழிகாட்டி நூல்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் வாங்கும் புத்தகங்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஒரு சிறுவர் நாவலை எடுத்துக்கொண்டு, அதை அத்தியாயவாரியாகப் பிரித்து, அருஞ்சொல், கேள்வி, எழுத்துப் பயிற்சி என்று அடுக்கித் தரும் வழிகாட்டி நூல். நம் கோனார் உரைக்கு உறவுபோலத் தோன்றும். ஆனால் கோனார் உரை தேர்வை நோக்கி எழுதப்பட்டது. இந்த வழிகாட்டிகளைப் பயன்படுத்தும் வீடுகள் பலவற்றில் தேர்வே கிடையாது. இந்த நூல்களில் கணிசமானவை வேறொரு நோக்கத்தைச் சொல்லிக்கொள்கின்றன: நாவலைப் படித்து முடிக்கும்போது பிள்ளையிடம் நேர்மையோ துணிவோ இரக்கமோ வளர்ந்திருக்க வேண்டும்.

வளருமா? அமெரிக்கக் கல்வித் துறையின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகள் வீட்டில் படித்தார்கள். பள்ளி வயதினரில் இது 3.3 விழுக்காடு. அவர்களுடைய பெற்றோரில் 67 விழுக்காட்டினர், ஒழுக்கக் கல்வி தர விரும்பியதும் தங்கள் முடிவுக்கு முக்கியக் காரணம் என்றார்கள். எனவே ஒரு சிறு பதிப்பகச் சந்தையின் விளம்பர வாசகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லப்பட்டுவருகிறது; விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதும் இல்லை.

நரியின் பக்கம் நிற்கும் குழந்தை

பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் தாய்மாரும் செவிலியரும் எந்தக் கதையைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தணிக்கை விதிக்கிறார். ஹோமர்கூட அதில் தப்பவில்லை. அவர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: கதையில் எது உட்பொருள், எது நேர்ப்பொருள் என்று சிறு பிள்ளையால் பிரித்தறிய முடியாது, அந்த வயதில் மனத்தில் பதிந்தது எளிதில் அழிவதும் இல்லை. ஆக, கதைக்கு ஆற்றல் உண்டு, அதனாலேயே அது ஆபத்தானது என்பது அவர் நிலை. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் அறத்தைப் பற்றிப் பேசும்போது பழக்கத்தின் பக்கம் சாய்கிறார். நேர்மையாக நடந்து நடந்துதான் ஒருவர் நேர்மையாளர் ஆகிறார்; கேட்டுத் தெரிந்துகொண்டு ஆவதில்லை. இன்றைய வழிகாட்டி நூல்களின் எதிர்ப்பாளர்கள் பலர் இந்த இருவரில் ஒருவருடைய வாதத்தைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

1693-இல் கல்வி பற்றி எழுதிய ஜான் லாக், படங்களோடு கூடிய ஈசாப் கதைகளைக் குழந்தையின் முதல் புத்தகமாகப் பரிந்துரைத்தார். மகிழ்ச்சியும் பயனும் ஒருங்கே கிடைக்கும் என்பது கணக்கு. 1762-இல் ரூசோ இந்தக் கணக்கைக் கலைத்துப்போட்டார். ‘எமீல்’ நூலில் அவர் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் காகமும் நரியும் கதையை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறார். பெரியவர்கள் எதிர்பார்ப்பது, முகஸ்துதிக்கு மயங்காதே என்ற பாடம். குழந்தை பார்ப்பதோ, பாலாடைக்கட்டியோடு ஓடிப்போகும் நரியை. ஏமாந்த காகமாக இருக்க எந்தக் குழந்தை விரும்பும்? எறும்பும் சில்வண்டும் கதையிலும் இதே சிக்கல்தான்: உழைப்பைக் கற்பிப்பதாக நாம் நினைக்க, பசித்து வந்தவரைக் கேலி செய்து விரட்டும் கலையைப் பிள்ளை கற்றுக்கொள்ளலாம்.

ரூசோவின் கணை நம் வீட்டுக் கூரையிலும் விழுகிறது. லா ஃபோந்தேன் 1678-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், இந்திய ஞானி பில்பேவுக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டார். அது பஞ்சதந்திர மரபைக் குறிக்கும் பெயர். அரசகுமாரருக்கு உலக நடப்பும் சூழ்ச்சியும் சொல்லித்தர எழுந்த அந்தக் கதைகளைத்தான் நாம் நீதிபோதனை வகுப்புக்குக் கொண்டுவந்தோம். அவற்றில் பல இடங்களில் வெல்வது நல்லவன் அல்லன், கெட்டிக்காரன்.

பள்ளி வாசகத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா இந்த ஐயங்களைப் பொருட்படுத்தவில்லை. 1836-இல் வெளிவரத் தொடங்கிய மக்கஃபி வாசகங்கள் என்ற பாடநூல்கள் எழுத்தறிவையும் நல்லொழுக்கத்தையும் ஒரே பாடத்தில் கட்டித் தந்தன, கோடிக்கணக்கில் விற்றன. பாடத்தின் முடிவில் உழைத்த பையனுக்கு வெகுமதியும் சோம்பேறிக்குத் துன்பமும் தவறாமல் வந்து சேர்ந்தன. அவற்றின் மறுபதிப்புகளை வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றும் வாங்குகின்றன.

இந்த நம்பிக்கைக்கு முதல் பெரிய அடி 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வந்த ஹார்ட்ஷோர்ன், மே ஆகியோரின் ஆய்வு. 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புத் தரும் சோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றவில்லை. எது சரி என்று தெரிந்திருப்பதற்கும் அப்படி நடப்பதற்கும் தொடர்பு மெலிதாகவே இருந்தது. பின்னாளில் அதே தரவை மறுபடி அலசியவர்கள் நேர்மையில் ஓரளவு பொதுத்தன்மையும் தெரிவதாகக் காட்டினார்கள். ஆனாலும் நற்குணங்களைப் பட்டியலிட்டுக் கற்பிக்கும் முறைக்குப் பள்ளிகளில் இருந்த மதிப்பு சரிந்தது. 1960-களின் நடுவில் வந்த ‘விழுமியத் தெளிவு’ முறையில் ஆசிரியர் எதையும் சரி, தவறு என்று சொல்லாமல் மாணவர் தம் விழுமியத்தைத் தாமே கண்டறிய உதவினால் போதும் என்று ஆயிற்று. உளவியலாளர் கோல்பெர்க் தர்மசங்கடக் கதைகளைக் கொடுத்து, விடையை விட்டுவிட்டு விடைக்குச் சொல்லும் நியாயத்தை அளந்தார்.

இதற்கு எதிர்வினையாக 1990-களில் வந்த அலையில்தான் இலக்கியம் மறுபடி முன்னுக்கு வந்தது. ரீகன் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் பென்னட் 1993-இல் வெளியிட்ட ‘நற்குணங்களின் புத்தகம்’, தன்னடக்கம் முதல் இறைநம்பிக்கை வரை பத்துக் குணங்களின் தலைப்பில் கதைகளையும் கவிதைகளையும் தொகுத்தது. விற்பனையில் பெரும் வெற்றி பெற்றது. வில்லியம் கில்பாட்ரிக் குணம் வளர்க்கும் புத்தகங்களுக்கு வழிகாட்டிப் பட்டியலே தயாரித்தார். அந்த ஆண்டுகளில்தான் வீட்டுக்கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியாகும் நிலையை அடைந்தது. பள்ளி கைவிட்டுவிட்டதாகத் தோன்றிய வேலையைத் தாங்களே செய்ய முனைந்த பெற்றோரும், அவர்களுக்குப் பாடத்திட்டம் விற்கத் தயாராக இருந்த சிறு பதிப்பகங்களும் அப்படித்தான் சந்தித்துக்கொண்டார்கள். ‘கோனோஸ்’ பாடத்திட்டம் முழுவதையும் குணங்களைச் சுற்றியே அமைத்தது. ‘புரோஜெனி பிரஸ்’ ஒவ்வொரு நாவலுக்கும் தனி வழிகாட்டி எழுதி, பாத்திரங்களின் செயலை விவிலிய வசனங்களோடு ஒப்பிடச் சொன்னது. ‘ஃபைவ் இன் எ ரோ’ ஒரே படக்கதையை ஐந்து நாள் தொடர்ந்து படிக்கவைத்து, நாளுக்கொரு பாடமாகப் பிரித்தது. சமயமும் குணமும் பற்றிய பகுதியைத் தனி இணைப்பு நூலாக வைத்தது.

சார்லட் மேசனின் தயக்கம்

இதே வீடுகளில் பெரிதும் மதிக்கப்படும் பெயர் இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923). 1886-இல் ‘வீட்டுக்கல்வி’ நூலை வெளியிட்டு, பின்னர் ஆம்பிள்சைடில் ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையத்தையும் தொடங்கியவர். 1984-இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய நூல்வழியாக அமெரிக்கப் பெற்றோர் அவரை மறுபடி கண்டெடுத்தார்கள். அவருடைய முறைப்படி, உயிருள்ள நல்ல புத்தகத்தை ஒரே ஒரு முறை கவனமாக வாசிக்க வேண்டும். பிறகு பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். குடிமைப் பண்புக்குப் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்க வைத்தார்; ஆனால் கதைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஆசிரியர் புகுந்து நீதி உரைப்பதை அவர் விரும்பவில்லை. கேள்விகளால் புத்தகத்தைத் துண்டாடுவதும் அவருக்கு உடன்பாடில்லை.

இந்த நோக்கில் பார்த்தால், வழிகாட்டி நூல் என்ற வடிவமே அவருடைய கொள்கைக்கு எதிரானது. இருந்தும் அவர் பெயரைச் சொல்லி விற்கப்படும் வழிகாட்டிகள் குறைவில்லை. சந்தைக்குத் தத்துவத்தைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது போலும். அதே சமயம் மேசனை நேரடி அறிவுரைக்கே எதிரி என்று காட்டுவதும் சரியில்லை: மனிதரின் குணங்களைப் பற்றி இளையோருக்கென்றே ஒரு முழு நூலை 1905-இல் எழுதியவர் அவர். கதை வேறு, அறிவுரை வேறு என்று பிரித்து வைத்தார் என்பதே பொருத்தமாக இருக்கும்.

இலக்கியக் கோட்பாட்டிலிருந்து இதே தயக்கத்துக்கு வலுச்சேர்த்தவர் லூயிஸ் ரோசன்பிளாட். தகவலை எடுத்துச்செல்லப் படிப்பதையும் அனுபவத்துக்குள் இருந்து படிப்பதையும் அவர் பிரித்துக் காட்டினார். ‘இந்த அத்தியாயத்தில் வெளிப்படும் நற்குணம் எது?’ என்ற கேள்வி இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடக்கூடும். நார்னியா கதைகள் கிறிஸ்தவ வழிகாட்டிகளுக்கு மிகப் பிடித்தமானவை. அவற்றை எழுதிய சி. எஸ். லூயிஸ், குழந்தைகளுக்கு என்ன நீதி தேவை என்று கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குவது நல்ல வழியாகாது என்று 1952-இல் சொன்னவர் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது

வழிகாட்டிகளை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் கவனிக்கத் தவறுவது, ஒரே நாவலைக்கொண்டு எத்தனை வேறுபட்ட கேள்விகள் கேட்க முடியும் என்பதை.

எலினார் எஸ்டஸ் 1944-இல் எழுதிய ‘நூறு கவுன்கள்’ இந்த வட்டாரத்தில் பலர் படிக்கும் கதை. போலந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஏழைச் சிறுமி வாண்டா தினமும் ஒரே கவுனில் வருகிறாள். வீட்டில் நூறு கவுன்கள் இருப்பதாகச் சொல்கிறாள். பெக்கி கேலி செய்கிறாள். அவள் தோழி மேடி வாய் திறப்பதில்லை. மேடியும் ஏழைதான்; பேசினால் அடுத்த கேலி தன்மேல் திரும்பும் என்று பயப்படுகிறாள். வாண்டாவின் குடும்பம் ஊரைவிட்டுப் போன பிறகே அந்த நூறும் அவள் வரைந்த ஓவியங்கள் என்று தெரிகிறது. நேரில் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

‘வாண்டாவைக் கேலி செய்தது சரியா?’ என்று ஒரு வழிகாட்டி கேட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் சரியில்லை என்று சொல்லிவிடும். அந்த விடைக்குக் கதையே தேவையில்லை. ‘பெக்கி எதிரில் நிற்கும்போது மேடி என்ன சொல்லியிருக்க முடியும்? சொல்லியிருந்தால் அடுத்த நாள் அவள் நிலை என்ன ஆகியிருக்கும்?’ என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. துணிவுக்கு ஒரு விலை உண்டு என்பதும், அந்த விலையைக் கொடுக்கத் தனக்கு மனம் வருமா என்பதும் அப்போதுதான் பேச்சுக்கு வருகின்றன.

லோயிஸ் லோரியின் ‘நட்சத்திரங்களை எண்ணு’ (1989) இன்னும் கடினமான சோதனை. 1943-இல் நாஜிப் பிடியில் இருந்த கோபன்ஹேகனில் ஒரு டேனிஷ் குடும்பம், யூதச் சிறுமி எல்லனைத் தங்கள் மகள் என்று சொல்லிக் காப்பாற்றுகிறது. இறந்தே போகாத, இல்லவே இல்லாத ஓர் அத்தைப்பாட்டிக்குச் சவப்பெட்டி வைத்து நாடகம் நடத்துகிறார்கள். அந்த வீட்டின் பத்து வயது மகள் ஆன்மரியிடமும் உண்மையை மறைக்கிறார்கள். ‘துணிவு’ என்ற தலைப்பின்கீழ் இந்த நாவலை வைப்பது எளிது. ‘நேர்மை’ என்ற தலைப்பு அடுத்த மாதத்துக்கு இருக்குமானால், அங்கே இந்தப் பொய்களை என்ன செய்வது? குணங்களை மாதத்துக்கு ஒன்றாகப் பிரிக்கும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. நல்ல நாவல்களில் நற்குணங்கள் ஒன்றோடொன்று மோதும். பட்டியல் அந்த மோதலுக்கு இடம் தருவதில்லை. நேர்மை, விசுவாசம் போன்ற குணப் பட்டியலை ஒரு பைக்குள் அள்ளிப்போட்ட சரக்கு என்று கோல்பெர்க் கிண்டல் செய்தது முழுக்க நியாயமில்லை என்றாலும், இந்த இடத்தில் அது பொருந்துகிறது.

சோதனைகளில் தெரிந்தது

கடந்த முப்பது ஆண்டுகளின் உளவியல் ஆய்வுகள் இரு தரப்பையும் சங்கடப்படுத்துகின்றன. டார்சியா நார்வாயஸ் 1990-களின் இறுதியில் செய்த ஆய்வில், நீதி பொதிந்த கதைகளைப் படித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் எழுதியவர் கருதிய நீதியை இனங்காண முடியவில்லை, ஐந்தாம் வகுப்பில் நிலைமை மேம்பட்டது, பெரியவர்களுக்குச் சிரமமில்லை. கதையைப் புரிந்துகொள்வதும் கதையின் நீதியைப் பிடிப்பதும் ஒன்றல்ல. சிறு பிள்ளை உட்பொருளைப் பிரித்தறியாது என்று பிளேட்டோ சொன்னதற்கு இது ஏறக்குறைய ஒரு செய்முறைச் சான்று.

2014-இல் டொரண்டோவின் காங் லீயும் குழுவினரும் 3 முதல் 7 வயதுவரையான பிள்ளைகளை ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லித் தனியே விட்டார்கள். பிறகு ஒரு கதை. பிறகு, பார்த்தாயா என்ற கேள்வி. பொய்க்குத் தண்டனை கிடைக்கும் பினோக்கியோ கதையும் ‘ஓநாய் வருது’ கதையும் பயன் தரவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையிடம் பாராட்டுப் பெறும் ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியபோது விளைவும் மறைந்தது. (செர்ரி மரக் கதையே, வீம்ஸ் என்பவர் தாம் எழுதிய வாஷிங்டன் வாழ்க்கை வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கட்டுக்கதையாகக் கருதப்படுவது. நேர்மையைக் கற்பிக்கும் கதைக்கு இது சற்று வேடிக்கையான பிறப்புத்தான்.) டொரண்டோவிலிருந்தே 2017-இல் வந்த இன்னோர் ஆய்வில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதை மனிதப் பாத்திரங்களோடு சொல்லப்பட்டபோது 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள், மனிதரைப் போல் உடுத்திய விலங்குகளோடு சொல்லப்பட்டபோது அந்த மாற்றம் இல்லை. ஈசாப்பை நம்பியிருப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டும். ஆனால் இவை எல்லாம் கதை கேட்ட சில நிமிடங்களில் அளந்தவை. அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகள் எப்படி நடந்தார்கள் என்பதை இவை தொடவில்லை.

நெடிய பாடத்திட்டங்களை மதிப்பிட்டவை குறைவு. சிறுவர் இலக்கியத்தை அடிப்படையாகக் கொண்ட ‘ஹார்ட்வுட்’ திட்டத்தை ஜேம்ஸ் லெமிங் 2000-இல் மதிப்பிட்டபோது அறிவு சார்ந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது; மனப்போக்கிலும் நடத்தையிலும் படம் அவ்வளவு தெளிவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி மையம் எல் சித், டான் குயிக்ஸாட், ‘வெனிஸ் வணிகன்’ முதலிய கதைகளைக்கொண்டு 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய திட்டமும், குணங்களைப் பற்றிப் பேசும் மொழி வளர்ந்ததையே முதன்மைப் பயனாகக் காட்டியது. இத்தாலியில் ஹாரி பாட்டர் பகுதிகளைக்கொண்டு செய்த ஒரு சிறிய ஆய்வு சற்று வேறுபட்டது. தப்பெண்ணம் தொடர்பான பகுதிகளைப் படித்துக் கலந்துபேசிய பிள்ளைகளிடம் குடியேறியவர்கள்மீதான மனப்போக்கு மேம்பட்டது. அதுவும் ஹாரியோடு தங்களை ஒன்றிப் பார்த்தவர்களிடம் மட்டும். படிப்பு, பேச்சு, ஒன்றுதல் மூன்றும் கூடிய இடத்தில்தான் விளைவு.

இந்தத் துறையில் எச்சரிக்கை தேவை என்பதற்கு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கிட், காஸ்தானோ ஆய்வே சாட்சி. இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை உணரும் திறன் கூடுகிறது என்ற அதன் முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. 2016-லும் 2018-லும் அதைத் திருப்பிச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிட்டவில்லை. குணநலக் கல்வித் திட்டங்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டாலும், அமெரிக்கக் கல்வித் துறைக்காக 84 பள்ளிகளில் ஏழு திட்டங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான அறிக்கை, சராசரியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை.

வீடு என்ற இடம்

மேற்சொன்னவை அனைத்தும் பள்ளியிலோ ஆய்வகத்திலோ நடந்தவை. வீட்டுக்கு அவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது. அரிஸ்டாட்டில் கேட்ட பழக்கத்துக்கு வீட்டில் இடம் உண்டு: காலையில் இரக்கத்தைப் பற்றிப் படித்த பிள்ளை, மத்தியானமே தம்பியோடு சண்டை போடும்போது அதைச் சோதிக்க வாய்ப்புக் கிடைக்கிறது, பாடம் நடத்தியவரே பக்கத்தில் இருக்கிறார். முப்பது பேர் வகுப்பில் இது நடக்காது. வழிகாட்டிகளை ஆதரிப்போரின் மிக வலுவான வாதம் இதுதான் என்று தோன்றுகிறது. விளம்பரங்களில் இது அதிகம் சொல்லப்படுவதில்லை என்பது ஆச்சரியம்.

அதே காரணம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. கேள்வி கேட்பவர் அம்மா. அம்மாவுக்கு எந்த விடை பிடிக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியரிடமாவது வகுப்பில் ஒருவன் எதிர்த்துப் பேசுவான். மேசைக்கு எதிரே ஒரே பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது மறுகுரல் எங்கிருந்து வரும்? குணநலக் கல்வியில் இலக்கியம் உபதேசத்துக்குப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது என்று 1990-களில் ஆல்ஃபி கோன் பள்ளிகளைப் பார்த்துச் சொன்ன குறை வீட்டில் இன்னும் கூர்மையாகலாம். பின்பக்கத்தில் விடை அச்சிட்டுள்ள வழிகாட்டி இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது.

எந்தப் புத்தகங்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘சிறு வீடு’ நாவல்கள் இந்தக் குடும்பங்களின் செல்லங்கள். உழைப்பும் சிக்கனமும் குடும்பப் பாசமும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவற்றில் பூர்வகுடியினரும் கறுப்பினத்தவரும் சித்திரிக்கப்பட்ட விதத்தைக் கருதி, 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு தன் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. சிலர் அந்த நாவல்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிலர் குறையைப் பேசாமல் படிக்கிறார்கள். குறையையே பேச்சுப்பொருளாக்குபவர்களும் உண்டு. மூன்றாவது வழி குணப் பயிற்சிக்கு அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. ஆனால் அதற்கு வழிகாட்டியைத் தாண்டிப் படித்த பெற்றோர் வேண்டும்.

தீராதவை

இப்போதைக்கு ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கதையோடு கூடிய பேச்சு, குணங்களைப் பற்றிச் சிந்திக்கவும் பேசவும் பிள்ளைக்கு மொழி தருகிறது. எட்டு, ஒன்பது வயதுக்குக் கீழே பெரியவர் நினைத்த நீதி தானாகப் போய்ச்சேரும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. அந்த வயதில் வழிகாட்டி செய்யக்கூடிய பயனுள்ள வேலை, பிள்ளை கதையிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள உதவுவது. நரியைப் பிடித்திருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது தவறான விடை ஆகாது. பேச்சு தொடங்கவேண்டிய இடம் அது.

மொழி நடத்தையாக மாறுகிறதா, எத்தனை காலம் நிற்கிறது என்பவை தீராதவை. வீட்டுக்கல்வி பற்றிய ஆய்வுகளைக் குன்ஸ்மனும் கெய்தரும் 2013-இல் தொகுத்துப் பார்த்தபோது, பரவலாக மேற்கோள் காட்டப்படும் எண்கள் பலவும் தாமாக முன்வந்த குடும்பங்களிடமிருந்து திரட்டியவை என்ற பழைய குறையை மறுபடி சுட்டவேண்டியிருந்தது. குணத்தைப் பொறுத்தவரை இந்தக் குறை இரட்டிப்பாகிறது. வழிகாட்டி வாங்கி, தினமும் உட்கார்ந்து, பிள்ளையோடு ஒரு மணி நேரம் கதை பேசும் பெற்றோர் அந்த வழிகாட்டி இல்லாமலும் பேசியிருப்பார்கள். பிள்ளையிடம் தெரியும் நல்ல மாற்றம் புத்தகத்தால் வந்ததா, கேள்வியால் வந்ததா, அந்த ஒரு மணி நேரத்தால் வந்ததா என்று பிரிக்க வேண்டுமானால், ஒரே நாவலைச் சில வீடுகளில் வழிகாட்டியோடும், சிலவற்றில் மேசன் சொன்னபடி திருப்பிச் சொல்லவைத்தும், இன்னும் சிலவற்றில் வெறுமனே உரக்க வாசித்தும் ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். தன் பிள்ளையைக் குலுக்கல் முறையில் இந்த மூன்றில் ஒன்றுக்கு ஒப்புக்கொடுக்கும் பெற்றோர், அதுவும் யாரும் தலையிடக்கூடாது என்றே பள்ளியை விட்டு வந்தவர்கள், எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பது வேறு கேள்வி.